சும்மா இருந்த இடது கட்டைவிரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, அதனால் என் வாக்கியம் நொண்டும். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நிற்பேன். இப்போது ஞாபகமும் சேர்ந்து காலை வாருகிறது. நடந்தது போன சனிக்கிழமையா, அதற்கு முந்தினதா? சனிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். பேக்டரி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது... மற்ற நாளில் கிடைக்காதாம்.

இந்த வயதில் எனக்குப் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

வசந்தி என் தங்கை மகள். என்னோடுதான் பிளாட்டில் இருக்கிறாள். கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு செய்யும் பேக்டரியில் ஒன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை. பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு கீபோர்டிலும் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்து அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, காலை சுடுதண்ணீரில் வைப்பது.

கொஞ்ச நாளாக வருகிற கீபோர்டெல்லாம் சுருங்கிக்கொண்டே போகிறதாம். மடியில் வைக்கிற கம்ப்யூட்டராம், கைப்பையில் போடுகிற கம்ப்யூட்டராம்... ஒரு நாள் வந்து பொரிந்து தள்ளினாள்.

“கம்ப்யூட்டரச் சின்னதாக்கிட்டானுங்க பெரியம்மா. மனுசன் வெரல யாரு சின்னதாக்குறது? ஒரு பட்டன அமுக்குனா மூணு விழுதுலா!”

சொன்னதோடு விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டாள். கீபோர்டை நடுவில் பிளந்து, பாதி எழுத்தை இடது ஓரத்தில், மீதியை வலது ஓரத்தில் வைத்திருந்தாள். நடுவில் சின்னத் திரை. மேசை வேண்டாம். தட்டைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலால் அழுத்தலாம். எழுத்து வரிசை மட்டும் டைப்ரைட்டரில் உள்ள பழைய வரிசைதான்.

எனக்குப் புரிந்ததா? இல்லை. ஏ, பி, சி என்று ஒழுங்காக வைக்காமல் ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். “அது வேற கத, இப்ப அத கேக்காதீங்க” என்றாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

ஆனால் ஒன்று நன்றாகப் புரிந்தது. அவளுடைய இன்ஜினியர் மிஸ்டர் தியோ அந்தப் படத்தைப் பார்த்து, பழைய கீபோர்டு ஒன்றை இரண்டாக அறுத்து, ஒயர் ஒட்டி, மாதிரிக்கு ஒன்று செய்துவிட்டார். ஜப்பானிலிருந்து வருகிற பெரியவருக்கு அது பிடித்தால் வசந்திக்கு மேல்மாடியில், படம் வரைகிற அறையில் வேலை. அங்கே நாற்காலி உண்டு. ஷிப்ட் கிடையாது. பிடிக்காவிட்டால் பெல்ட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

பரீட்சைக்கு, டைப் அடிக்கவே தெரியாத நான்கு பேர் வேண்டுமாம்.

“ஒங்கள விட்டா வேற ஆளு ஏது பெரியம்மா?”

இது பாராட்டா, திட்டா? தெரியவில்லை. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அறையில் ஏர்கான் குளிர். எனக்கோ வியர்த்தது. ஜப்பான்காரர் எழுந்து நின்று தன் பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டே வலது கையால் வாங்கினேன். எனக்கு அட்டையா! திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

மிஸ்டர் தியோ ஒரு காகிதம் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. காலை வணக்கம், வாருங்கள் ஐயா என்று அர்த்தமாம். ஆங்கில எழுத்து எனக்குத் தெரியும், பார்த்துப் பார்த்து அழுத்திவிடுவேன். நான் அழுத்துவது ஜப்பான்காரருக்கு முன்னால் இருக்கிற திரையில் போய் விழும்.

“இந்த வணக்கத்த நீங்க அவருக்குக் குடுக்கிறதா நெனச்சுக்குங்க” என்று வசந்தி என் காதில் சொன்னாள்.

கொடுத்தேன். வலது கட்டைவிரலால்.

இடது பக்கத்து எழுத்து வரும்போதெல்லாம் வலது கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சாமான் நழுவியது, மடியில் சாய்த்துக்கொண்டேன். இடது கை அடியில் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. நான் முடிப்பதற்குள் மிஸ்டர் தியோ தன் கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டார், நின்றுபோய்விட்டதோ என்று.

“ஆன்ட்டி, தங்கான் கிரி சாக்கிட்?” என்றார். இடது கை வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லையென்று தலையாட்டினேன். அவ்வளவு பேருக்கு முன்னால் எனக்கு எங்கே வாய் வரும்?

அடுத்தது கேன்டீனில் வேலை செய்யும் காக் சைத்தோன் என்ற மலாய்க்கார அம்மா. அவரும் என்னைப் போலவே ஆமை. அதன் பிறகு இரண்டு சீன லாரி டிரைவர்கள் வந்தார்கள். இரண்டு கட்டைவிரலாலும் டபடபவென்று அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மிஸ்டர் தியோ உதட்டைப் பிதுக்கினார். ஆண்களுக்குச் சரி, பெண்களுக்கு இது சரிவராது போலிருக்கிறது என்று ஜப்பான்காரரிடம் சொன்னாராம். பாதிப் பேருக்கு ஆகாத சாமானை யார் வாங்குவார்கள்? ஜப்பான்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிந்தது.

வசந்தி என்னை வெளியே, தேத்தண்ணீர் வைத்திருந்த மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன் பெரியம்மா, அந்த எடது கை என்ன எம்.சி. லீவு போட்டிருந்துச்சா?”

“சும்மா இருடி.”

“ஒம்போது வருசம் நின்னிருக்கேன் பெரியம்மா. சொல்லுங்க, பட்டன் கெட்டியா இருந்துச்சா? எட்டலையா?”

“எல்லாம் எட்டுச்சு. நீதான வந்த மனுசனுக்கு வணக்கம் குடுக்கச் சொன்ன? எடது கையாலயா குடுப்பாங்க? ஒங்கம்மா ஒன்ன அப்படியா வளத்தா?”

வசந்தி என்னையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பக்கத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காக் சைத்தோனிடம் மலாயில் கேட்டாள். “சாமாலா! தங்கான் கிரி மானா போலே?” என்றார் அவர். எனக்கும் அதேதான், இடது கையால் எப்படி முடியும் என்று. தன் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டிச் சிரித்தார். மலாய்க்காரர்கள் ஓர் ஆளை மரியாதையாகச் சுட்டிக்காட்டுவதே அந்த விரலால்தானே...

அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப் போய் எல்லாவற்றையும் வசந்தி கொட்டிவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

மிஸ்டர் தியோ அதை ஜப்பான்காரருக்கு எடுத்துச் சொன்னார். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். கேட்டால்... நான் ஒற்றைக் கையால் கொடுத்தது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்ததாம்! அவர் ஊரில் எதையும் இரண்டு கையாலும் கொடுப்பதுதான் மரியாதையாம். மிஸ்டர் தியோவும் சேர்ந்துகொண்டார் — சீனப் பெருநாளுக்கு அங்பாவ் என்ற பண உறை கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால்தானாம்.

மரியாதை செய்கிறேன் என்று நினைத்து அவமரியாதை செய்துவிட்டேனா?

வசந்தி விடவில்லை. “பெரியம்மா, தண்ணீர்மலைக் கோயில்ல அர்ச்சனத் தட்ட எந்தக் கையால குடுப்பீங்க?”

“ரெண்டு கையாலயுந்தான்.”

“சாமிக்கே எடது கை ஆகுது. இவருக்கு ஆகாதாக்கும்?”

இடது கை தனியாகப் போனால் தப்பு. வலது கையோடு சேர்ந்து போனால் பக்தி. இத்தனை வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன், ஒரு நாளாவது யோசித்தேனா? சரி, இந்தப் பட்டன் சமாசாரம் எதில் சேர்த்தி? ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விரல் தனியாகத்தான் அழுத்துகிறது. வரி முழுவதையும் பார்த்தால் இரண்டு கையும் சேர்ந்து கொடுத்ததாகிறது. எழுத்துக் கணக்கா, வரிக் கணக்கா? ஐயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் தெரியாது என்பார். இன்ஜினியரைக் கேட்டால் சாஸ்திரம் தெரியாது என்பார்.

வரிக் கணக்கு என்றே வைத்துக்கொண்டு, முருகா என்று இரண்டு கட்டைவிரலையும் விட்டேன். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது! காக் சைத்தோன் என்னையும் முந்திவிட்டார். மிஸ்டர் தியோ இப்போதும் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

ஜப்பான்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை மறுபடி எடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து வசந்தி மேல்மாடிக்கு. மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

பஸ்ஸில் வசந்தி வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எந்தக் கை என்று கேட்காதீர்கள், ஞாபகம் இல்லை. மெஷின் செய்கிறவர்கள் விரலின் நீளம் அகலம் எல்லாம் அளக்கிறார்கள்... அந்த விரலுக்குள் இருக்கிற பழக்கத்தை எந்த ஸ்கேலால் அளப்பார்கள்? எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

இப்போது புதுக் குழப்பம். மேல்மாடியில் வசந்திக்குக் கொடுத்திருக்கிற முதல் வேலை, வந்தவர்களுக்கு எழுதக்கூடிய சின்னச் சின்ன வார்த்தைகளை அழுத்திப் பார்ப்பது. அவள் வீட்டுக்குக் கொண்டு வந்த வரைபடத்தில் நானும் சும்மா விரலை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு ஆங்கிலத்தில் வாட்டர் என்று எழுதுகிறார்களே, அதன் ஐந்து எழுத்தும் இடது பக்கத்திலேயே இருக்கிறது! வலது கைக்கு வேலையே இல்லை. இதற்கு என் வரிக் கணக்கும் உதவாது. வசந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. உட்கார்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, அந்த நாற்காலியை நானே ஆட்டுவானேன்?

என் கண்ணும் முன்போல இல்லை. உங்கள் வீட்டில் டைப்ரைட்டரோ கம்ப்யூட்டரோ இருந்தால், அந்த ஐந்து எழுத்தும் எந்தப் பக்கம் என்று யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீரை இடது கையால் நீட்டுகிற மெஷினைச் செய்தவள் எங்கள் வீட்டுப் பெண் என்று நாலு பேர் சொல்லக் கூடாது, பாருங்கள்.