கார்மேகம் கோரஸ் மைக்குக்குப் போன சாயங்காலம்

“சார், நாங்க எந்திரிச்சு வெளிய போறப்ப நடைவழியில கொஞ்சம் லைட்டு போட்டு வைக்க முடியுமா? எங்க கூட்டத்துல வயசானவங்க நெறைய பேரு. யாரும் தடுக்கி விழுந்துறக் கூடாது.”

சவுண்ட் செக் ஓடிக்கொண்டிருந்தபோது மேடைக்குக் கீழே வந்து நின்று என்னிடம் இப்படிக் கேட்டவர் ஸ்டெல்லா டீச்சர். நான் கச்சேரிகளுக்கு ஸ்டேஜ் மேனேஜர். தலை நரைத்ததே இந்தத் தொழிலில்தான். கரண்ட் போய்ப் பார்த்திருக்கிறேன், மழையில் பந்தல் சரிந்து பார்த்திருக்கிறேன், பாடகர் வராமல் போய் நானே மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆனால் நிகழ்ச்சியைக் கெடுக்கப் போகிறவரே வந்து, அதற்கு லைட்டும் கேட்டது அன்றைக்குத்தான்.

“எதுக்கு டீச்சர் எந்திரிச்சுப் போறீங்க?”

“அந்தப் பொண்ணு பாட வர்றப்ப போவோம். சத்தம் போட மாட்டோம், கூச்சல் கிடையாது. வரிசையா, அமைதியா.”

கையிலிருந்த பாட்டு வரிசைத் தாளைப் பார்த்தேன்.

ரெண்டாவது வந்தவன்

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிவி பாட்டுப் போட்டி. அதில் முதலாவதாக வந்தவள் தாரிணி, சென்னைப் பெண். ரெண்டாவதாக வந்தவன் கார்மேகம், பேரையூர்ப் பக்கத்துப் பையன். போட்டி முடிந்ததும் ரெண்டு பேரையும் சேர்த்து ஊர் ஊராகக் கச்சேரிக்கு அனுப்பினார்கள். அந்த டூருக்கு நான் ஸ்டேஜ் மேனேஜர். அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிணக்கும் கிடையாது. ஒரே பார்சல் பிரியாணியில் ஆளுக்குப் பாதி சாப்பிடுவார்கள். சண்டையெல்லாம் ரசிகர்களுக்குள்தான்.

கார்மேகத்தை ஏமாற்றித் தோற்கடித்துவிட்டார்கள் என்பது மதுரை ரசிகர்களின் தீர்மானம். அவர்களுக்குத் தலைவி ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீடு கே.கே. நகரில். அவன் பாட்டு ஒன்று வெளியானால் அம்புட்டு பேர் வீட்டுப் போனிலும் அன்றைக்கு முழுக்க அதுதான் ஓடும். திண்டுக்கல்லில் கச்சேரி என்றால் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். ஃபிளெக்ஸில் யார் முகம் பெரிசு என்று டீச்சர் ஜாணால் அளந்து பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். என்னிடம் வந்து, “சார், எங்க பிள்ளைக்கு நெத்தி கொறையுது” என்று புகார் வேறு.

அன்றைக்கு மதுரையில் தாரிணி தன் சொந்தப் பாட்டை முதன்முதலாகப் பாட இருந்தாள். சினிமாப் பாட்டு இல்லை, அவளே எழுதி மெட்டுப் போட்டது. பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய மெலடி. அதை அப்படியே கேமரா வைத்துப் பிடித்து வெளியிடுவதாக ஏற்பாடு. ஒரு கேமரா மேடையிலிருந்து ஜனங்களைப் பார்த்து நின்றது. பாட்டு நடுவில் வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து போனால் அந்தக் கேமராவில் என்ன பதியும்? காலி நாற்காலி. ஜெயித்த பெண்ணுக்கு மதுரையில் காலி நாற்காலி என்று அந்த ஒரு படம் ஊரெல்லாம் சுற்றும். பாட்டைப் பிறகு யார் கேட்பார்கள்?

“டீச்சர், அந்தப் பிள்ளையோட முதல் பாட்டு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க” என்றேன்.

“எங்க பிள்ளை தோத்து அழுதப்ப யாரும் யோசிக்கல சார். நீங்க பாட்டு வரிசைய மாத்தியும் பாக்காதீங்க. அவங்க எப்ப வந்தாலும் எந்திரிப்போம். லைட்டு மட்டும் மறந்துறாதீங்க.”

சொல்லிவிட்டு ஹேண்ட்பேக்கைத் தோளில் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டார். அவர் நடையே கிளாஸுக்குப் போகிற நடை.

சவுண்ட் என்ஜினியர் ஜமாலிடம் சொன்னேன். எனக்கு ரொம்ப வருஷத்துக் கூட்டாளி. அவன் மிக்ஸரிலிருந்து கையை எடுக்காமல், “கதவ வெளிய பூட்டிருவோம் மாப்ள” என்றான்.

“உள்ள வச்சுப் பூட்டிக் கேக்கச் சொல்ல இது என்ன ஸ்பெஷல் கிளாஸா? ஒரு தீப்பொறி விழுந்துச்சுன்னா நீயும் நானும் உள்ள போக வேண்டியதுதான்.”

எனக்கு நிலைகொள்ளவில்லை. மேடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கேண்டீன்காரரிடம் போய் இடைவேளைக்கு அப்புறம் டீ போடாதே என்றேன். திரும்ப வந்து, டீ இல்லையென்றால் மட்டும் நின்றுவிடுவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். ஆனால் கோபம் வந்தால் எனக்கு மதுரைத் தமிழ்தான் வரும். அன்றைக்கு நிறைய வந்தது.

கிரீன் ரூம்

கார்மேகம் கிரீன் ரூமில் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மேக்கப் பாதியில் நின்றிருந்தது.

“ஒங்க டீச்சர் சொன்னது தெரியுமா தம்பி?”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுமா இப்படி உக்காந்திருக்க? ஒன் பாட்டு முடிஞ்சதும் மைக்குல ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரும் உக்காந்து அந்தப் பிள்ள பாட்டையும் கேளுங்கன்னு.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சொன்னா என்னைய விட்டுருவாங்கண்ணே. அவ பொறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துப் போட்டேன். அதுக்கே குரூப்ல பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டு என் பாட்டை ஓட்டாம விட்டுட்டாங்க. அவங்கதாண்ணே எனக்குச் சோறு. அவங்க இல்லன்னா நான் மறுபடி கல்யாண வீட்டுல பாடப் போகணும்.”

“அப்ப அந்தப் பிள்ள அவமானப்பட்டா ஒனக்குப் பரவாயில்லையா?”

“அந்தப் பாட்ட மதுரையில விடுன்னு சொன்னதே நாந்தாண்ணே. எங்க ஆளுகளுக்குப் பாட்டுன்னா உசிருன்னு அவகிட்ட பெருமையடிச்சேன்.”

“உசிரத்தான் எடுக்கப் போறாங்க” என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அப்போது எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வெளியே தாரிணி நின்றிருந்தாள். கேட்டிருப்பாளோ என்று பக்கென்றது. அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“அண்ணா, மதுரைக்காரங்களுக்கு என்னைப் பிடிக்காதாமே? நெஜமா?”

“யாரு சொன்னா? போம்மா, போய் தொண்டைக்குச் சுடுதண்ணி குடி” என்றேன். வேறு என்ன சொல்ல?

பின்னால் நிற்கிற மைக்

முதல் பாதி கார்மேகத்துடையது. ஹால் அதிர்ந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் விசில். அவன் மட்டும் சரியாக இல்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் அவசரப்பட்டான். கடைசிப் பாட்டு முடிந்தது. ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பக்கவாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இடைவேளையில் என்னைத் தேடி வந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“அண்ணே, கோரஸ் மைக்கு ஒண்ணு எனக்கு விடுங்க.”

“எதுக்கு?”

“அவ பாட்டுல ஆம்பளைக் குரல்ல ஒரு ஹம்மிங் வருதுல்ல. வண்டியில அவ மெட்டுப் போட்டப்பவே நான் பாடிக் காட்டுனதுதான். நான் நிக்கிறேன்.”

கோரஸ் மைக் என்றால் என்னவென்று இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் முன்னால் நிற்கிற மைக் மெயின் பாடகருக்கு. டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத மூலையில் நிற்பது கோரஸ். முன்னால் நிற்பவர் பெயர் ஃபிளெக்ஸில் வரும். பின்னால் நிற்பவர்களை நன்றி சொல்லும்போது ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடுவோம். பின்னாலிருந்து முன்னால் வர ஆட்கள் தவம் கிடப்பார்கள். முன்னாலிருந்து பின்னால் போனவனை நான் அதுவரை பார்த்ததில்லை. போனால் அவன் மார்க்கெட் முடிந்தது என்று பேசுவார்கள். அதிலும் யாருக்கு? தன்னைத் தோற்கடித்தவளுக்கு, தன் சொந்த ஊரில்.

“கிறுக்கா ஒனக்கு? ஒரு வார்த்தை பேசப் பயந்தவன் நீ. இது அதவிடப் பெருசுடா.”

“பேச வரலண்ணே. பாட வரும்.”

“சரி, ஒன் மேல ஒரு ஸ்பாட் போடச் சொல்றேன்.”

“வேணாம்ணே, பாட்டு அவளுது. இருட்டுலயே நிக்கிறேன்.”

“இருட்டுல நின்னா நீதான்னு எப்படிடா தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியும்ணே” என்றான்.

நடைவழி

தாரிணி மேடைக்கு வந்தாள். டீச்சர் கேட்டபடி நடைவழி விளக்கைப் போடச் சொன்னேன். அவள் “வணக்கம் மதுரை” என்று சொல்லி முடிக்கவில்லை, ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். சத்தமில்லை. கூச்சல் போட்டிருந்தால்கூட எனக்கு இம்புட்டு வலித்திருக்காது. நாற்காலி மடங்குகிற சத்தம் மட்டும் டப் டப்பென்று கேட்டது. தாரிணி அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

நான் தலையில் மாட்டியிருந்த டாக்பேக்கில் ஜமாலைக் கூப்பிட்டேன். “மாப்ள, கோரஸ் மைக் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கு.”

“எம்புட்டு?”

“எந்திரிச்சவன் உக்கார்ற அளவுக்கு.”

பல்லவி முடிந்தது. முன்னால் போனவர்கள் கதவைத் தொட்டுவிட்டார்கள். டீச்சர் கடைசி ஆள் பத்திரமாக வருகிறாரா என்று நடைவழியின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இருட்டிலிருந்து அந்த ஹம்மிங் வந்தது.

டீச்சர் அப்படியே நின்றார். மேடையைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்தார். அப்புறம் மேடையைத் தேடினார். டிரம்ஸ் பக்கம், இருட்டில், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிற ஓர் உருவம். பின்னால் வந்தவர் டீச்சர் மேல் இடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய முகத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தேன். முதலில் கோபம். பிறகு கோபத்தை என்ன செய்வது என்று தெரியாத ஒரு திகைப்பு. வெளியே போனால் தங்கள் பிள்ளை பாடும்போது போனதாக ஆகும். உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் பாட்டைக் கேட்டதாக ஆகும். ஹம்மிங் நின்று சரணம் தொடங்கியது. டீச்சர் கையைத் தூக்கி, கிளாஸில் காட்டுவதுபோல, கீழே இறக்கினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தங்கள் இடத்துக்குப் போக நேரமில்லை. கிடைத்த நாற்காலியில், படியில், வி.ஐ.பி. சோபாவில்கூட உட்கார்ந்தார்கள். கதவுவரை போனவர்கள் மட்டும் கதவோரமே நின்றார்கள். டீச்சர் நடைவழிப் படியில் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் மற்ற ஜனங்கள் கைதட்டினார்கள். இவர்கள் ஒருவர்கூடத் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் போகவில்லை. பின்னால் வீடியோ வெளியானபோது, மதுரை மக்கள் எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறார்கள் பாருங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நானும் ஜமாலும் அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சர் நேராக மேடைக்குப் பின்னால் வந்தார்.

“அவனக் கோரஸ்ல நிக்க வச்சது யாரு?”

“யாரும் வைக்கல டீச்சர். அவனா கேட்டு நின்னான்.”

கார்மேகம் அடி வாங்கப் போகிறவன்போலச் சுவரோடு நின்றான். டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “அந்த ஹம்மிங் முடியிற எடத்துல மூச்சு பத்தல. ஒழுங்கா சாப்பிடுறதில்லையா நீ?” என்றார். அவன் பொலபொலவென்று அழுதுவிட்டான். பக்கத்தில் தாரிணி, “வணக்கம் மேம்” என்றாள். டீச்சர் நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

அதற்கப்புறம்

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கார்மேகத்துக்கு நஷ்டம்தான். ரசிகர் கூட்டம் ரெண்டாக உடைந்தது. ரோஷம் கெட்டவன் என்று ஒரு பாதி விலகிப் போனது. அவனுடைய அடுத்த பாட்டு பழைய மாதிரி ஓடவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவில் கோரஸ் பாடுறவன்தானே என்று அவன் பெயரை ஃபிளெக்ஸில் அடியில் போட்டார்கள். அவன் அதற்கும் போய்ப் பாடிவிட்டு வந்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தாரிணியின் பாட்டு ஓடியது. ஓட்டியவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? விலகாமல் நின்ற பாதிதான். அவன் ஹம்மிங்கைக் கேட்க அவள் பாட்டைப் போட்டார்கள். அது நடுவில் வருவதால் முன்னாலும் பின்னாலும் அவளையும் கேட்டாக வேண்டும். வீடியோவுக்குக் கீழே அத்தனை பேரும் அண்ணன் குரல், அண்ணன் குரல் என்றே எழுதியிருந்தார்கள். தாரிணி அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் முன்பு கே.கே. நகரில் ஒரு கிளினிக்குக்கு முழங்கால் வலிக்காகப் போயிருந்தேன். அங்கேயும் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கையில் அவர் போன் அடித்தது. அந்த ஹம்மிங். அதோடு ஒட்டிக்கொண்டு தாரிணியின் குரலும்.

“ஜமால்கிட்ட இதுலேர்ந்து தாரிணி குரல மட்டும் வெட்டித் தூக்கச் சொல்லிக் கேட்டீங்களாமே?” என்றேன்.

“கேட்டேன் சார். ரெண்டும் ஒண்ணா இருக்கு, பிரிக்க வராதுன்னுட்டாரு.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரிசப்ஷன் பெண் முறைத்தாள். டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். ஹம்மிங் முடிந்து, தாரிணி பாடுகிற வரியும் முடிகிறவரை எடுக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஹால்காரர்கள் என்ன சண்டை போட்டாலும் நடைவழி விளக்கை நான் இப்போதெல்லாம் அணைக்க விடுவதில்லை. வெளியே போகிறவர்கள் விழாமல் இருக்கத்தானே என்று கேட்பார்கள். ஆமாம், டீச்சர் அதற்குத்தான் கேட்டார். நான் போட்டு வைப்பது, பாதி வழியில் மனசு மாறித் திரும்பி வருகிறவருக்கு நாற்காலி தெரிய வேண்டும் என்பதற்காக.