நாக்கில்லாத மணி

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி ராக்கம்மா. என் தங்கை பவளம். அவள் மடியில் எங்கள் மகள், ஒன்றரை வயது. லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருந்த சவரியண்ணன். வேறு யாரும் இல்லை.

காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். இப்போதும் அப்படித்தான். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எண்பத்துநாலோ எண்பத்தைந்தோ, டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது மலையில் சறுக்கி விழுந்து என் இடுப்பு போய்விட்டது, அதோடு தோட்டத்து வேலைப் பதிவில் பெயரும் வெட்டுப்பட்டது. ராக்கம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்கு எழுதிக் கொடுத்தாள். புதன்கிழமை பிளேன். இது ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும், மூட்டம் இறங்கியிருந்தது.

ஏஜென்சிக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் ஒரு வாசல் நிற்கும், அதற்குள் நடக்க வேண்டும், உடம்பில் இரும்பு, பித்தளை எது இருந்தாலும் அது கத்தும், கத்தினால் ஆளை ஒதுக்கிவிடுவார்கள், பிளேன் காத்திருக்காது. எங்கள் லயத்தில் அந்த வாசலைக் கண்ணால் பார்த்தவர் சவரியண்ணன் ஒருவர்தான். அங்கே கட்டட வேலைக்கு சீமெந்து சுமந்தவர். அதனால் ராக்கம்மாவை நடக்கப் பழக்க அவரையே கூப்பிட்டோம்.

அவருடைய செத்துப்போன பசுவின் மணி ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. நாக்கு கழன்று விழுந்து வருசக்கணக்கு. மகள் உருட்டி விளையாடுவாள். அதைக் கம்பியில் கோத்து வாசல் நிலையில் தொங்கவிட்டு, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாக்கில்லாத மணி, கரண்டியால் தட்டினால்தான் சத்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கம்மா கையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தட்டினார். சேலையில் ஊக்கு. கழற்றினாள். திரும்ப நடந்தாள். தட்டினார். கொண்டை ஊசி.

“மெசினு மனுசன் மாதிரி இல்ல தங்கச்சி. கங்காணிய ஏமாத்துற மாதிரி ஏமாத்த முடியாது” என்று சவரியண்ணன் அவளிடம் சொன்னார்.

“சவரியண்ணே, மதினி கோவத்துல மொறைச்சாலும் கத்துமா?” என்று பவளம் கேட்டாள். ராக்கம்மாவே சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சவரியண்ணன் பீடி பற்ற வைக்க வெளியே இஸ்தோப்புத் திண்ணைப் படியில் போய் உட்கார்ந்தார், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கரண்டி மகள் வாயில் இருந்தது. இன்னொரு தடவை நடந்து பார்க்கிறேன் என்று ராக்கம்மா நடந்தாள்.

மணி அடித்தது.

அவர்தான் தட்டினார் என்று நினைத்து ராக்கம்மா, “இப்ப என்னண்ணே?” என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கையில் பீடி, ஒரு கையில் நெருப்புப்பெட்டி. மணியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். “மெட்டி கெடக்குல்ல” என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். சவுக்கார நுரை போட்டு இழுத்துக் கழற்றினாள். விரலில் தோல் உரிந்துவிட்டது.

நடந்தாள். அடித்தது. யாரும் கிட்டே இல்லை. காற்றும் இல்லை, மூட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

தாலி மஞ்சள் கயிற்றில்தான் இருந்தது, குண்டுமணி அளவு தங்கம். அவளே அவிழ்த்தாள். நான் தடுக்கவில்லை. என் கையில் வைத்தாள்.

“நீங்களே வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்.”

பவளம் அவள் முந்தானை, தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு குண்டூசி இல்லை. நடந்தாள். அடித்தது.

சவரியண்ணன் மணியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நேரம் மழை கொட்டியது. தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. ராக்கம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அப்போது தரையில் கிடந்த மணி இன்னொரு தடவை அடித்தது என்று பவளம் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

நான் சொன்னேன், “போக வேணாம் புள்ள.”

“போகலேன்னா? ஒங்க இடுப்பு நிமிந்துருமா?”

கோபத்தில் சொல்லவில்லை, கேட்டாள். புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். நம்மை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பழகியபடியே கையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நடந்தாள். அது கத்தியதா என்று எனக்குக் கேட்காது. காக்கிச் சட்டைப் பெண் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். ராக்கம்மா போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் இருந்து போன பெண்கள் தாலியும் மெட்டியும் போட்டுக்கொண்டுதான் போனார்கள். அந்த வாசலில் அதையெல்லாம் ஒன்றும் கேட்பதில்லையாம். எங்களுக்கு அது தெரியாது.

இரண்டு மாதத்தில் முதல் கடிதம் வந்தது. மெட்டி பத்திரமா என்று கேட்டிருந்தாள். அப்புறம் ஒன்று. தைப்பொங்கல் கழிந்து ஒன்று, பாப்பா நடக்கிறாளா என்று. பிறகு இல்லை. கொழும்புக்குப் போய்ப் பார்த்தேன், ஏஜென்சி இருந்த இடத்தில் தையல் கடை இருந்தது. எழுதிப் போட்ட இடத்தில் இருந்தெல்லாம் பதில் இல்லை. இருக்கிறாள் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மணியை சவரியண்ணன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. ஆட்டிப் பார்த்திருக்கிறேன், சத்தம் வராது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பவளம் எப்போது வந்தாலும் இதைக் கேட்பேன், அவள் மாற்றிச் சொல்வதில்லை. “நாலு தடவ அண்ணே. மழையில ஒங்களுக்குக் கேக்கல.” அவள் சொல்வது சரியாக இருக்கட்டும் என்று தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

நான் கேட்டது மூன்று. வந்த கடிதம் மூன்று.