ஒன்பது விநாடி

கத்திரி என்பது அவளுக்குத் தம்பி வைத்த பேர். எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் அழைத்துவைத்து அவன் நடத்தும் பாட்காஸ்டில் பேசுவது அவன், வெட்டி ஒட்டுவது அவள். இருமல், தும்மல், "அதாவது வந்து", ஒரே கதையை இரண்டாம் தடவை சொல்வது எல்லாம் அவள் கையில் காணாமல் போகும். ஒரு விநாடிக்கு மேல் யாராவது பேசாமல் இருந்தால் அதுவும் போகும். வெட்டிய தடம் ஒருவருக்கும் தெரிந்ததில்லை. இதற்கு முன்னால் எட்டு வருஷம், ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிந்த அறிக்கைகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்தவள். டாக்டர் ஒரு வார்த்தைக்கு முன்னால் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பதை வைத்தே நோயாளியின் கதியைச் சொல்லிவிடுவாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி வெளியாக வேண்டும். மணி மூன்றரை. தம்பி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். நின்ற விதமே சரியில்லை.

முந்தின நாள் பேச வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அறுபத்திரண்டு வயதில் முதல் நாவல். அவருடைய பதிப்பாளரும் கூடவே வந்து அதே மேஜையில் உட்கார்ந்திருந்தார். தம்பி எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான்: முடிவு நீங்கள் நினைத்தபடியே வந்ததா? நர்ஸம்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை எழுதியது தான் இல்லை என்றார். அவர் எழுதியதில் கதாநாயகி வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அச்சான புத்தகத்தில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறாள். புத்தகம் கைக்கு வந்தபோதுதான் அவருக்கே தெரியும். ஊசி போடுகிற நிதானத்தோடு நான்கு நிமிஷம் சொன்னார். பதிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

பதிவுக்கு முன்னால், மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தபோது நர்ஸம்மா கத்திரியிடம் கேட்டிருந்தார், தன் பேச்சையும் வெட்டிவிடுவாளா என்று. இருமலை வெட்டுவேன், பேச்சை உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று இவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பதிப்பாளர் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார். அந்த நான்கு நிமிஷம் வெளியே வந்தால் அவருடைய எழுத்தாளர்கள் யாரும் இனி இந்தப் படியேற மாட்டார்கள். இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள்.

"வெட்டிடுக்கா," என்றான் தம்பி.

"அவங்களைக் கேக்கணும்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க."

"அப்ப வேணாம்."

"உனக்கென்ன, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துருவ. நாளைக்கு ஒருத்தரும் வரலைன்னா நான் இந்த ஃபேனைத்தான் பேட்டி எடுக்கணும்."

"எடு. அது உன்னைவிடக் கம்மியா பேசும்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன் வெகுநேரம் அடித்த பிறகுதான் நர்ஸம்மா எடுத்தார். பதிப்பாளர் அங்கேயும் முந்திக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவின் இரண்டாவது நாவல் இப்போது அவர் மேஜையில் இருக்கிறது. அது புத்தகமாவதும் ஆகாததும் இந்த நான்கு நிமிஷத்தைப் பொறுத்தது என்று சொல்லியிருக்கிறார்.

"வெட்டிடும்மா," என்றார் நர்ஸம்மா. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் தயங்கிய நேரத்தைக் கத்திரியின் காது அளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை நீளத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு நாளும் நல்ல சேதி வந்ததில்லை.

"நீங்க சொன்னதை எடுத்துடறேம்மா," என்றாள். "பதிவுல அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்களே, அதை அப்படியே விடட்டுமா?"

"அதுல நான் ஒண்ணுமே சொல்லலையே."

"கேக்கறவங்களுக்கும் காது இருக்கும்மா."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "விடு," என்றார்.

ஐந்தேகாலுக்குப் பதிப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். கேட்டுப் பார்க்காமல் வெளியிடக் கூடாதாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கத்திரி பதிவை ஓடவிட்டாள். முடிவு நீங்கள் நினைத்தபடியே வந்ததா என்று தம்பியின் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நர்ஸம்மாவின் மூச்சு. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அது பதிப்பாளர் உட்கார்ந்திருந்த நாற்காலி. ஒன்பது விநாடி கழித்துத் தம்பியின் அடுத்த கேள்வி வந்தது: இப்போது என்ன எழுதுகிறீர்கள்?

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் பதிப்பாளர். போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள்.

"அந்த இடத்தையும் எடுத்துடுங்க."

"அதுல யாரும் பேசலையே சார். எதை எடுக்கறது?"

அவர் வாயைத் திறந்தார். ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால், வெட்டிய நான்கு நிமிஷத்தையும் அவர் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். தம்பியைப் பார்த்தார். இரண்டு விநாடி சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்து பழக்கமில்லாத தம்பி, தரையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தான். பதிப்பாளர் எழுந்து, சரி என்றும் சொல்லாமல் கூடாது என்றும் சொல்லாமல் போனார். படியிறங்கும் செருப்புச் சத்தம் தெருவுக்குப் போகும்வரை இருவரும் அசையவில்லை.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி வெளியானது. ஏழுக்குள் ஒரு நேயரின் கேள்வி வந்துவிட்டது: முடிவைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா ஏன் பேசவில்லை?

"என்னக்கா பதில் போடறது?"

"நாம போடக் கூடாது. அவங்களுக்கு அனுப்பு."

அனுப்பினான். நர்ஸம்மா படித்துவிட்டதாகத் திரை காட்டியது. பிறகு, தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. தம்பி ஏதோ சொல்ல வந்தான். கையைக் காட்டி அவனை அடக்கிவிட்டு, கத்திரி மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள்.