மண்ணை ருசி பார்த்த உத்தியோகம்

துணிக்கடையில் தடவிப் பார்க்கலாம், அரிசிக்கடையில் அள்ளி முகர்ந்து பார்க்கலாம். களிமண் வாங்கப் போகிறவன் மட்டும் அதை வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ‘என்னப்பா வேலை பார்க்கிறே?’ என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்தான். பக்கத்தில் உட்காருங்கள்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் காதர் பாய் ஊறுகாய் ஜாடிச் சூளை ஒன்று போட்டார். ஊரே தறி போட்டுக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் ஏன் இந்த ஆசை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சக்கரத்தில் வனைய கோவிந்தன். ஏற்ற மண்ணைத் தேடிப் பிடிக்க நான். மாங்காய் சீசனுக்குள் உருப்படியான ஜாடி இறங்காவிட்டால் சூளையை இடித்துவிட்டுப் பழைய இரும்பு வியாபாரத்துக்கே திரும்பிவிடுவேன் என்று பாய் சொல்லிவிட்டார். கோவிந்தனுக்கும் எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

பட்டு மண்

முதலில் முசரவாக்கம் பக்கத்து ஏரியிலிருந்து கறுப்பு மண் கொண்டுவந்தேன். பிசைந்தால் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். எனக்கு ஒரே பெருமை. கோவிந்தனும் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டே வனைந்தார். நிழலில்தான் காயவைத்தோம். அப்படியும் ஒவ்வொரு ஜாடியும் கழுத்திலிருந்து அடிவரை பிளந்துகொண்டது. பிசுக்கு அதிகமுள்ள மண் தண்ணீரையும் அதிகம் குடிக்கும், காயும்போது அந்த அளவுக்குச் சுருங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கோவிந்தன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஈரத்துல பட்டு, காஞ்சா கந்தல். இத்த யாருக்குப்பா கட்டி வுடறது?”

உட்கார்ந்துவிட்ட ஜாடிகள்

அடுத்தது பாலாற்றுப் பக்கத்துச் செம்மண். பானைக்குத் தங்கமான மண். ஆனால் ஜாடிக்குப் பானையைவிடக் கடுமையான தீ வேண்டும். சூளையைத் திறந்தால், அந்தச் சூட்டில் இளகி எல்லா ஜாடியும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பாய் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் ஜாடி கேட்டேன். நீ தாம்பாளம் சுட்டுக் குடுத்துக்கிறியே.”

ஜாடிக்கு வந்த நோய்

மூன்றாவதாக ஒரு வெள்ளை மண். பிளக்கவில்லை, இளகவில்லை. அவசரப்பட்டு நாலைந்து ஜாடிகளை விற்றும்விட்டோம். அடுத்த வாரமே பக்கத்துத் தெரு டீச்சரம்மா ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சும்மா இருந்த ஜாடி டப் டப்பென்று சில்லு சில்லாகத் தெறிக்கிறதாம். பார்த்தால் உடம்பெல்லாம் குழி. மண்ணுக்குள் பொடிப்பொடியாய்ச் சுண்ணாம்புக் கல் இருந்திருக்கிறது; தீயில் வெந்த சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து, உப்பி, வெளியே துப்பியிருக்கிறது. எனக்கு அதிசயமாக இருந்தது, டீச்சரம்மாவுக்கு இல்லை. “ஜாடிக்கு அம்மை போட்டிருக்குதுபா. ஊறுகாய் போடறதா, வேப்பிலை கட்டறதா, நீயே சொல்லு.”

மசக்கை

அதன்பிறகு எங்கே போனாலும் மண்ணைக் கடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். மணல் இருந்தால் பல்லில் நறநறக்கும். உவர் மண் நாக்கில் கரிக்கும். நல்ல களிமண் வெண்ணெய் மாதிரி சத்தம் போடாமல் கரையும். திருப்புட்குழியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, வாய்க்காலில் எடுத்த உருண்டையைக் கண்ணை மூடி ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கடைக்காரர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: “இப்டி மண்ணு துன்றியே, எத்தனாவது மாசம்பா?”

சாபம்

மாவடு சந்தைக்கு வந்துவிட்டது. பாய் பழைய இரும்புக்கு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் ஒரு ஊரில் இறங்கி, கடப்பாரையால் ஒரு வயலோரத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். போன மாதம் நீரோட்டம் பார்க்கிறவன் ஒருவன் இதேபோல் குத்திப் பார்த்து, இங்கே தண்ணீர் பீறிடும் என்று சொல்லிப் போயிருக்கிறான். கழுத்து நகையை வைத்துக் கிணறு வெட்டியும் தண்ணீர் வரவில்லை. வெறும் மண்தான் வந்தது. நானும் அந்தக் கூட்டம் என்று நினைத்துவிட்டார். கிணற்று மேட்டில் இரண்டு கையாலும் மண்ணை வாரி, “உன் வாயில மண்ணு விழ!” என்று என்மேல் வீசினார்.

சட்டையில் அப்பியதைத் தட்டினேன், போகவில்லை. தேய்த்தேன், வழுக்கியது. மங்கலான மஞ்சள் நிறம். எடுத்து வாயில் போட்டேன். பல்லில் ஒரு சத்தம் இல்லை. நாக்கில் கரிப்பு இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா அரண்டுபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். “ஐயே, நான் வுட்ட சாபத்த நீயே எடுத்துத் துண்ணுக்கினு கீறியே!”

காகிதம்

விவரம் சொல்லி அந்த அம்மாவிடமே ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தேன். அந்த மண் காய்ந்தும் பிளக்கவில்லை, தீயிலும் உட்காரவில்லை, அம்மையும் போடவில்லை. கடைசிச் சோதனையாக ஒரு ஜாடியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பார்க்கச் செய்தித்தாள்மேல் வைத்தோம். கோவிந்தன் அதைவிட்டு நகரவே இல்லை. மறுநாள் பாய் வந்து ஜாடியைத் தூக்கி, காகிதத்தை உள்ளங்கையால் தடவினார். திருப்பிப் போட்டு மறுபடி தடவினார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. அந்த அம்மாவின் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். பாய் சொன்னார்: “உடனே போ. நகைய மீட்கற அளவுக்கு வெல பேசி, இன்னும் நாலு வண்டி சாபம் வாங்கிக்கினு வா.”

வாயில் மண் விழுந்தால் பிழைப்புக் கெடும் என்று ஊர் சொல்கிறது. எனக்கு விழுந்த பிறகுதான் பிழைப்பே வந்தது.