நான்கு முறை பூசை போட்ட கார்

என் காருக்கு இதுவரை நான்கு முறை புது வண்டிப் பூசை போட்டாகிவிட்டது. முதல் பூசை நிஜம். மற்ற மூன்றும் கேமராவுக்கு.

மேனாம்பேட்டில் என் வீட்டு வாசலில் நிற்கிற பழைய வெள்ளை வண்டி அது. வாடகைக்கு ஓடுவதால் மஞ்சள் போர்டு. போனில் வீடியோ போட்டு ஏகப்பட்ட பேரைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவன் அவ்வப்போது அரை நாள் வாடகைக்குக் கூப்பிடுவான். காட்டுப்பாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்வான். மஞ்சள் போர்டைச் சிவப்புத் துணியால் மூடி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது என் வேலை. அவன் ஏறி, பழத்தை நசுக்கி நாலடி ஓட்டுவான். பிறகு இறங்கி, போனிலேயே ஆடுகிற கிரிப்டோ காசினோ சூதாட்டத்தில் ஒரே ராத்திரியில் ஜெயித்து வாங்கிய கார் என்பான். ஒருமுறை தனக்கு, ஒருமுறை அம்மாவுக்கு, ஒருமுறை நண்பனுக்கு. அம்மாவுக்கு வாங்கியபோது கண்கூடக் கலங்கினான்.

"நீயும் அத ஆடுவியாப்பா?" என்று கேட்டேன்.

"நா இன்னாத்துக்கு அண்ணாத்தே ஆடணும்? சொல்றதுக்கே காசினோக்காரன் காசு தர்றான்" என்றான்.

எனக்கும் டீசல் போட வேண்டுமே. மாலையைக் கழற்றிவிட்டு வாடகையை வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வந்தான். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். மகளைக் காலேஜில் சேர்க்கச் சேர்த்த பணம் அவன் கணக்கில் இருந்தது. புதன்கிழமை கட்ட வேண்டும். அதற்குள் அந்தக் காசினோவில் ஆடி அதை இரண்டு மடங்காக்கப் போவதாகச் சொல்லி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரு மாமா. அம்மாவுக்கே கார் வாங்கிக் குட்த்துட்டான்."

எலுமிச்சம்பழம் வைத்தவன் நான்தானே. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பவில்லை. கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய்க் கார் கதவைத் திறந்தேன். டாஷ்போர்டில் ஒரு கை உடைந்த பிள்ளையார். நான் வண்டி வாங்கியபோது அவனே வாங்கித் தந்தது. அதே உடைந்த கைப் பிள்ளையார் வீடியோவிலும் இருந்தார்.

போனையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிழைத்தோம் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று தெரியவில்லை.

"நா வாங்கிக் குட்த்த புள்ளையாரு மாமா. எவனெவனுக்கோ ராசி குட்த்துகினு கீறாரு. எனக்குக் குடுக்கமாட்டாரா?"

"அவன் ஜெயிக்கவே இல்லடா. இது என் காரு."

"காரு உன்துதான் மாமா. ராசி அவருது. செத்த நேரம் உள்ள குந்திகினு ஆடட்டுமா?"

மூன்று முறை வாடகை வாங்கிய வாய், எதைச் சொன்னாலும் எடுபடாது என்று தோன்றியது. பிள்ளையாரைப் பெயர்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி வழியாக, பிள்ளையார் இருந்த இடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு என் காரில் சாய்ந்து நின்று, போனில் மகளின் பணத்தை வைத்து ஆட ஆரம்பித்தான்.