ரப்பர் பாலில் ஒரு வெள்ளைக் கரடி

மலாய் நாட்டில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் உயிரெல்லாம் ஒரு படப் புத்தகத்தில் இருந்தது. மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கரடி பக்கத்துக்குப் பக்கம் நடந்து போகும், அவ்வளவுதான் கதை. கரடியைக் காட்டாமல் அவள் வாயில் ஒரு கவளம் சோறு இறங்காது. குளிக்க, தூங்க, தலைக்கு எண்ணெய் வைக்க, எல்லாவற்றுக்கும் கரடியின் உத்தரவு வேண்டும்.

புத்தகம் எங்களுடையதல்ல. துரைசாணி, அதாவது எங்கள் மானேஜர் துரையின் மனைவி, தன் மகளுடையதை இரவல் தந்திருந்தார். குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை புத்தகம் வேண்டும் என்றும் புதன்கிழமை சொல்லியனுப்பினார். "போலே" என்று பதில் அனுப்பினேன். முடியும் என்பதற்கு மலாய்ச் சொல் அது. பங்களாவிலிருந்து எது கேட்டாலும் என் வாயில் தானாக வருவதும் அதுதான்.

சொல்லிவிட்டேன். ஆனால் புத்தகத்தை மகள் கையிலிருந்து எப்படி வாங்குவது? பிடுங்கினால் தோட்டமே கூடிவிடும். "நீங்களே ஒரு கரடி செஞ்சு குடுங்களேன், படிச்சவங்கதானே" என்றாள் என் மனைவி. கிண்டல்தான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

வெள்ளை நிறத்துக்கு எங்கே போவது? பால்மரம் வெட்டிப் பால் இறக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சிரட்டை ரப்பர் பால் வாங்கினேன். அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து, பழுப்புக் காகிதத்தில் விரலாலேயே கரடி வரைந்தோம். நான் தலை போட்டேன், அவள் கால் போட்டாள். ஏழு கால். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் பார்த்தால் கரடியைக் காணோம். பால் காய்ந்து, ஆறிப்போன தேநீரின் நிறமாகி, காகிதத்தோடு காகிதமாகக் கிடந்தது. தினமும் ரப்பரோடு புழங்குகிற கிராணிக்கு, காய்ந்தால் பால் நிறம் மாறும் என்பது தோன்றவே இல்லை! "கரடி எங்க? கரடி எங்க?" என்று அவள் வீட்டையே புரட்டினாள். "போய்த் தொலைஞ்சிடுச்சு, சும்மா இரு!" என்று கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

என் மனைவிதான் வழி சொன்னாள். மலாய்ப் பெண்கள் முகத்தில் பூசும் அரிசிப் பொடி, பெடாக், அவளிடம் ஒரு டப்பா இருந்தது. அதைக் குழைத்து, அக்காவிடம் மறுபடி வாங்கிய பாலில் கலந்தோம். எனாமல் தட்டின் முதுகில் தடிமனாகக் கரடி போட்டோம். குடைக்கு மஞ்சள் தூள், கண்ணுக்கு அடுப்புக் கரி. இரண்டு நாள் மகளைத் தட்டுப் பக்கம் விடாமல் காவல் காத்தேன்.

சனிக்கிழமை பார்த்தபோது, கொஞ்சம் மங்கினாலும் கரடி வெள்ளையாகவே இருந்தது. ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. மகள் அதன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மூக்கு ஒரு சாண் நீண்டு, விட்டதும் பட்டென்று திரும்பியது. "அலமாக்!" என்று மலாயில் வியந்தாள் என் மனைவி. மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

ஞாயிறன்று பங்களா வாசலில் புத்தகத்தைக் கேட்டதும் மகள் உடனே நீட்டிவிட்டாள். மற்றக் கையில்தான் ரப்பர் கரடி இருந்ததே. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துரையின் மகளுக்கு ஐந்து வயது இருக்கும், அந்த நீளும் மூக்கை அவள் பார்த்துவிட்டாள். அது தனக்கு வேண்டும் என்று ஒரே அழுகை. கப்பலில் விளையாட அதைத் தர முடியுமா என்று துரைசாணி மலாயில் கேட்டார்.

போலே என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "குடுத்துடும்மா" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் கரடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மாட்டேன். இது எங்கப்பா செஞ்சது."

புத்தகம் இல்லாமல் சோறு தின்னாத பிள்ளை, அந்தப் புத்தகத்தைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னாள். அவளிடம் கத்தியது எனக்கு நினைவுக்கு வந்தது.

"தா போலே, மேம்" என்றேன். முடியாது என்பதற்கான மலாய்ச் சொல்லும் எனக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.