சுவரைத் தாண்டி மூன்று கோடு

ஐப்பசியில் ஒரு பிற்பகல், அரிமளத்தில் விழுந்த இடி மலையாண்டி வீட்டு வைஃபை பெட்டியைக் கருக்கிவிட்டது. "போச்சுங்க, இனி சீரியல் பாத்தாப்புலதான்" என்று அவர் மனைவி அமுதவல்லி அலுத்துக்கொண்டாள். மலையாண்டி ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார். தீய்ந்த வாடை வந்தது. இறங்கும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அதை அமுதவல்லி கவனித்தாள்.

அந்தப் பெட்டி அவர் குவைத்தில் இருந்தபோது சொல்லி மாட்ட வைத்தது. பழைய வீட்டை நடுவே சுவர் வைத்து அண்ணன் தம்பி இருவருக்கும் பிரித்திருந்தார்கள். அம்மா மருதாயி தம்பி ஆத்மநாதன் பக்கம் இருந்தாள். அம்மாவை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று நெட்டும் போட்டு, தம்பி கையில் ஒரு டச் போனும் கொடுத்து வைத்திருந்தார் மலையாண்டி. அமுதவல்லியிடம் அப்போது பட்டன் போன்தான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்த அன்று கம்பெனியில் லீவு தரவில்லை. மலையாண்டி தம்பியைக் கூப்பிட்டு, "மொகத்த மட்டும் ஒரு தடவ காட்டுடா" என்றார்.

"நெட்டு இல்லண்ணே" என்றான் ஆத்மநாதன். லைன் அறுந்தது. அதன்பின் எடுக்கவில்லை. ஹலோ ஹலோ என்று மலையாண்டி கத்தியதை அறையில் இருந்த ஏழு பேரும் கேட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அதே ஆத்மநாதன் போனில் ஸ்டேட்டஸ் ஏறியது. பூந்தேர், மேளம், வெடி. முப்பது வினாடி. மாலைக் குவியலுக்குள் அம்மாவின் முகம் தெரியவில்லை. அந்தத் தெருவில் டவர் சிக்னலை வைத்துப் பேசத்தான் முடியும். வைஃபை பிடித்தால்தான் ஸ்டேட்டஸ் ஏறும். மலையாண்டியின் நெட், மலையாண்டி வாங்கிக் கொடுத்த போன்.

ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர் இதைப் பற்றித் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது காரணம் சொல்லிவிடுவான், காரணம் ஒருவேளை நியாயமாகக்கூட இருந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பிக்கு ஒரு முகத்தைப் பார்க்க வேண்டிய நாள் வர வேண்டும். அவன் வந்து கேட்க வேண்டும். அதே இரண்டு சொல்லை இவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு சிக்கல் இருந்தது. தம்பி வீட்டு போன்கள் பழைய பெட்டியில் எப்போதோ ஒட்டிக்கொண்டவை. பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் மாற்றத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் குவைத்தில் ஓட்டல் கூரைகளுக்குள் வயர் இழுத்தவர் அவர். எந்தச் சுவர் சிக்னலை விழுங்கும், எந்த மூலையில் மாட்டினால் எத்தனை அறைக்கு எட்டும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்வார். அவர் ஏணியை விட்டு இறங்கிய பிறகு லேப்டாப்போடு வரும் என்ஜினியர்தான் பேரும் பாஸ்வேர்டும் ஏற்றுவார். யாரிடமாவது மாற்றித் தரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

இடி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. புதுப் பெட்டி என்றால் புதுப் பாஸ்வேர்டுதானே. அதோடு தம்பி மகள் கலைமதிக்குச் சிங்கப்பூரில் கார்த்திகையில் பிரசவம். முதல் பிள்ளை.

மறுநாளே திருமயத்துக்கு பஸ் ஏறினார். அங்கே அருள்தாஸ் கடை. நெட் கனெக்‌ஷன் தருவதும் சாமான் விற்பதும் வந்து மாட்டுவதும் அவரே.

"மூணு ரூமுக்கு ரெண்டு சின்னப் பெட்டி போதும்ணே. ஒண்ணு கீழ, ஒண்ணு மாடில. அழகா இருக்கும்" என்றார் அருள்தாஸ்.

"சின்னது செவுத்தத் தாண்டாது."

"எந்தச் செவுத்த?"

"நடுச் செவுத்த. பழைய சுண்ணாம்புச் செவுரு, ஒன்றர மொழம். அங்கிட்டு அடுப்படி வரைக்கும் எட்டணும்."

அருள்தாஸ் ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். கூரையில் மாட்டுவது, பார்க்க லட்சணமாக இருந்தது. மலையாண்டி திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கீழ பாத்துத்தான் எறைக்கும். பக்கவாட்டுல சோப்ளாங்கி" என்று வைத்துவிட்டார். கடைசியில் அலமாரி மேலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார். வெளியில் மாட்டுகிற ஆக்சஸ் பாயின்ட், இரண்டு கொம்பு.

"அண்ணே, இது கல்யாண மண்டபத்துக்கு வாங்குறது. வீட்டுக்குள்ள மாட்டுனா பூனைக்குக்கூட நெட்டு கெடைக்கும்."

"செவுத்துக்கு அங்கிட்டு சிக்னல் எத்தன கோடு காட்டும்?"

"மூணு கோடு நிக்கும். நீங்க யாருக்குண்ணே வாங்குறீக, ஒங்களுக்கா தம்பிக்கா?"

"தம்பிக்குத்தான்னு வச்சுக்க."

மூன்று கோடு. தம்பி வீட்டில் எந்த மூலையில் போனைத் திறந்தாலும் பட்டியலில் முதலில் இது நிற்கும். பக்கத்தில் பூட்டு இருக்கும். நெட் இல்லாமல் போவதைவிட, இருந்தும் கிடைக்காமல் இருப்பது வலிக்கும். இது மலையாண்டிக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததல்ல. அனுபவத்தில் அறிந்தது. ஆனால் தராமல் இருப்பதற்காக ஒருவன் இத்தனை பெரிய பெட்டி வாங்குவான் என்று அருள்தாஸுக்கு எப்படித் தோன்றும்? "அண்ணன்னா இப்புடி இருக்கணும்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்.

மாட்டிய அன்று, எட்டுகிறதா என்று பார்க்க மலையாண்டி மாடிக்குப் போய்த் தம்பி வீட்டுப் பக்கமாக நின்றார். அந்த நேரத்தில் அருள்தாஸ் லேப்டாப்பைத் திறந்து, "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு இருக்காக்கா? அதையே போட்டுட்டா டிவி, போனு எல்லாம் தானா ஒட்டிக்கும். தம்பி வீட்டுக்கும் தொந்தரவு இல்ல" என்றார். அமுதவல்லி காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மாடியில் மலையாண்டி கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று.

அதன்பின் காத்திருந்தார். பழி வாங்க நினைப்பவர் எதிராளியை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அவன் வந்து கேட்டால்தான் எதுவும் நடக்கும். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ஆத்மநாதன் கேட்கவில்லை.

"என்னா திமிரு பாரு. செத்தாலும் கேக்க மாட்டான்" என்றார் மலையாண்டி.

"எதக் கேக்கணும்?" என்றாள் அமுதவல்லி.

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். காலையில் கண்ணாடி முன் நின்று அந்த இரண்டு சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். எந்தக் குரலில் சொல்வது என்பது முடிவாகவில்லை. கோபமாகச் சொன்னால் மதிப்புப் போய்விடும். தம்பி அன்று சொன்னதுபோலவே, சாதாரணமாக, வேறு வேலை இருப்பவனைப்போலச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் காலை, பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச் சுவரருகே ஆத்மநாதன் வந்து நின்றான். கையில் போன். முகமெல்லாம் பல்.

"அண்ணே, மதிக்கு..."

"நெட்டு இல்லடா" என்றார் மலையாண்டி.

நன்றாக வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக வந்தது.

ஆத்மநாதனுக்குப் புரியவில்லை. "இருக்கேண்ணே, நல்லாத்தான் இருக்கு. இந்தா, லைன்லதான் இருக்கா. ஆம்பளப் புள்ள. பெரியப்பாவுக்குக் காட்டுங்கன்னு நிக்கிறா." போனைத் திருப்ப ஆரம்பித்தான். அதற்குள்ளிருந்து கலைமதியின் குரல், "பெரியப்பா" என்றது.

மலையாண்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். கூரையருகே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ப்ளக்கை வயரோடு பிடுங்கினார்.

"ஹலோ... மதி... ஹலோ... கேக்குதாம்மா?"

சுவருக்கு அப்பால் தம்பியின் குரல் உயர்ந்தது. மலையாண்டி கையில் ப்ளக்கோடு நின்று கேட்டார். ஆறு ஆண்டுகளாகக் கேட்க நினைத்த குரல். ஐந்தாவது ஹலோவோடு அது நின்றுவிட்டது. குவைத்தில் இவர் அதைவிட அதிகம் சொல்லியிருந்தார்.

"ஏங்க, டிவி நின்னுபோச்சு" என்று முன்னறையிலிருந்து அமுதவல்லி குரல் கொடுத்தாள்.

அவர் மீண்டும் பின்கட்டுக்கு வந்தபோது தம்பி அங்கேயே நின்றிருந்தான். அண்ணன் கையில் வயர் தொங்குவதைப் பார்த்தான்.

"அன்னைக்கி உள்ளதுக்காண்ணே?"

"ஆமாடா."

ஆத்மநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டான். காரணம் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை. "நான் நெட்டு கேட்டு வரல. காட்டத்தான் வந்தேன்" என்றான். பிறகு, "இப்பச் சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

சரியாகப் போயிற்று என்றுதான் மலையாண்டி அன்று முழுதும் எண்ணியிருந்தார். அவர் கேட்டது கிடைத்திருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் தெருவின் குறுக்கே ஆத்மநாதன் வீட்டுக்குத் தனி வயர் போனது. இழுத்தவர் அருள்தாஸ். ஏணியில் நின்றபடி மலையாண்டியைப் பார்த்தார். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிப்பவர், வயரைக் கட்டுவதில் கவனமாக இருந்தார்.

அமுதவல்லி மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அவள் டச் போனுக்குப் பிள்ளையின் படம் வந்திருந்தது. கீரை ஆய்ந்துகொண்டே, யாரிடமும் இல்லாமல், "மூக்கு அப்புடியே அத்தை மூக்கு. நெத்தியுந்தான்" என்றாள். அத்தை என்றால் மருதாயி.

மலையாண்டி நிமிர்ந்தார். அவள் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. மேலே பச்சை விளக்கு எரிகிறது, எல்லாக் கோடும் நிற்கிறது. கேட்டால் காட்டுவாள். படம் வந்து இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது, அவர் இன்னும் கேட்கவில்லை.